பிடிக்கும்

பாலத்தின் ஏற்றத்தில் ஜமுனா மிதிக்க மிதிக்க என்ஜின் மட்டும் கத்தியது. கார் கனவில் ஓடுவதுபோல இருந்த இடத்திலேயே ஊர்ந்தது. தீய்ந்த வாடை உள்ளே வந்தது. பின் இருக்கையில், அம்மா இந்திராணியின் மடியில் தலைவைத்து நைனா வேலு படுத்திருந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். லைட்ஹவுஸ் குப்பம் போய்ச் சேர இந்தப் பாலம்தான் பாக்கி.

"இன்னாடி, இப்படி நாறுது?" என்றாள் அம்மா.

"கிளட்ச் பிளேட்டும்மா. தேஞ்சிருச்சு. பிடிக்க மாட்டேங்குது."

நைனா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "புதுசு வாங்கினு வந்து போடாம சுத்துறா. அது பத்திரமாத்தான் கீது, பயப்படாத."

காலையில் மீன்காரப் பெண்களை அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறக்கிவிடும் இதே காரைத்தான், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொண்டுபோய் டிராக் ரேஸில் விடுவாள் ஜமுனா. சோறு போடுவதும் அதுதான், வம்பு தேடித் தருவதும் அதுதான். போன மழைக்கு முன்னால் புதுப்பேட்டைக் கடைக்காரர் அவள் முன்னே இரண்டு பிளேட்டுகளை எடுத்துவைத்தார். ஒன்று மெத்தென்று பிடிக்கும். ஊருக்குள் ஓட்டச் சுகம், ரேஸில் கருகிவிடும். மற்றது செராமிக் பட்டன் வைத்தது. பிடித்தால் உடும்புப் பிடி, ஆனால் ஒவ்வொரு கியருக்கும் ஆளைத் தூக்கிப் போடும்.

"ரெண்டுக்கும் ஒண்ணா தோதுப்படாதும்மா. எத்த எடுத்தாலும் சரி, எண்ணெ, கிரீஸ் மட்டும் படக் கூடாது. பட்டா வழுக்கிடும், அப்பால தூக்கிப் போட வேண்டியதுதான்."

ஜமுனா உடும்பைத்தான் வாங்கினாள். வாங்கிவந்த சில நாளிலேயே நைனாவின் நெஞ்சு கெட்டது. அப்புறம் ஓயாமல் பொன்னேரி ஆஸ்பத்திரிதான். சின்னப் பள்ளத்துக்கே உதட்டைக் கடிக்கிற மனிதரை வைத்துக்கொண்டு அதைப் போடுவதாவது. பிளேட் பரணில் ஏறியது.

"எப்பதான் அத்தப் போடப் போற?" என்று நைனா கேட்கும்போதெல்லாம், "அப்பறமா நைனா" என்பாள். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது அவளுக்கே உறைத்தது. அவர் போன பிறகு. அன்றிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அது அவருக்கும் விளங்கியிருக்குமோ என்பதுதான் அவளை அரித்தது.

பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் கார் நின்றேவிட்டது. பனியில் ஏரி எது, வானம் எது என்று பிரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் பூநாரைகள் அசையாமல் நின்றன. கைப்பிடிச் சுவரோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, கரையில் படகைத் தள்ளுவதுபோலத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

"சீக்கிரம் தள்ளுங்கண்ணே," என்றாள் ஜமுனா.

"அவசரம் இல்ல," என்றாள் அம்மா. "மெள்ளவே தள்ளட்டும்."

ஜமுனா திரும்பிப் பார்த்தாள். நைனாவின் கண்கள் திறந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தபடியே நின்றுபோயிருந்தன. அம்மா அவற்றை மூடவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டாள்போல. உச்சி தாண்டியதும் சத்தமே இல்லாமல் கார் தானாக இறங்கியது. ஜமுனா ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜமுனா பரணில் கைவிட்டுத் துழாவினாள். இதைப் போட்டிருந்தால் அவர் வீட்டிலே, தன் பாயிலே கண்ணை மூடியிருப்பார். அந்த நினைப்பு காலையிலிருந்து அவளை விடவில்லை. கையில் அகப்பட்டது கடைக்காரர் கொடுத்த அட்டைப்பெட்டி இல்லை, பழைய வலைத்துண்டில் சுற்றிய பொட்டலம். பக்கத்தில் கிரீஸ் டப்பா.

பிரித்தாள். பிளேட் முழுக்க, ஸ்பிரிங், பட்டன் என்று பாராமல், வழவழவென்று கிரீஸ். விரல் ஓடிய தடம் அப்படியே இருந்தது.

அம்மா ஈரத்தலையோடு வந்து நின்றாள். "நீ ஸ்டேஷனுக்குக் கெளம்புனதும் என்னை எறக்கித் தரச் சொல்லுவாரு. படகு எஞ்சின் சாமானுக்குத் தடவுறா மாதிரியே குந்திகினு தடவுவாரு. உப்புக் காத்து தின்னுடும், எனக்கப்பறம் அவ எத்தப் போட்டு ஓட்டுவா, அப்டிம்பாரு."

ஜமுனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே போட்டுக்கோ," என்றாள் அம்மா. "நல்லா பிடிக்கும் இல்ல?"

"பிடிக்கும்மா."

அம்மா விளக்கேற்ற உள்ளே போனாள். ஜமுனா பிளேட்டை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரே ஒரு பட்டன் மட்டும் கிரீஸ் படாமல் காய்ந்திருந்தது. டப்பாவைத் திறந்து, விரலில் கொஞ்சம் எடுத்து, அங்கே தடவினாள்.