கட்டிலுக்குப் போன சாப்பாடு

தியோடருக்கு எக்செல் என்றால் உயிர். அல்சூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உணவுப் பட்டியலை அவர்தான் போடுவார். கட்டில் எண், அதற்கு எதிரே உணவு. அவரே கட்டிய ஷீட், அவ்வளவு பெருமை! ஆனால் போன மாதம் வேர்க்கடலை ஒவ்வாத ஒருவருக்குக் கடலைச் சட்னி போய்விட்டது. அந்த மனுஷர் மூச்சுத் திணறி, ஐசியூவில் கிடந்து பிழைத்தார். அன்றோடு தியோடருக்குத் தூக்கம் போயிற்று. எல்லாத் தட்டையும் தானே சரிபார்க்கிறேன் பேர்வழி என்று நின்றதில் இட்லி ஆறிப்போனதுதான் மிச்சம்.

கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வீணா வந்தாள். வந்தவள் ஷீட்டைத் தொடவேயில்லை. நோயாளி, கட்டில், உணவு என்று பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தாள்.

"கோலம் போட வந்தியாம்மா?" என்று எரிந்து விழுந்தார் தியோடர்.

"ஸ்வல்ப பொறுங்க சார். சாப்பாடு கட்டிலுக்கா, ஆளுக்கா?"

"இன்னாம்மா கேள்வி இது? கட்டில் எங்கியாவது சாப்புடுமா?"

"உங்க ஷீட்ல அதுதான் சார் சாப்புடுது. ஆள் வேற கட்டிலுக்குப் போனா, சாப்பாடு கூடப் போகல."

தியோடருக்கு அப்போதுதான் உறைத்தது. கடலைச் சட்னி போன அன்று காலைதான் அந்த மனுஷரை வேறு கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள்!

வீணா உணவை நோயாளியோடு கோத்தாள். ஒவ்வாததைக் கொடுக்கக் கூடாது என்ற விதியையும் படத்திலேயே எழுதினாள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அதிலிருந்து புது ஷீட்டை அதுவே உருவாக்கித் தந்தது. பார்க்கப் பழைய எக்செல்தான், ஆனால் விதிக்கு மாறாக எதைத் தட்டினாலும் வாங்காது. தினமும் காலை முழுக்க இழுத்த பட்டியல் வேலை டீ வருவதற்குள் முடிந்தது. என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு! தியோடர் மனசுக்குள் மலைத்தாரே தவிர, வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை வார்டுக்குள் நுழைந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலை ஒவ்வாத சிறுமி ஜூலியா தன் கட்டிலில் இல்லை. எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து சட்னியை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"சிஸ்டர்! யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று அலறினார்.

"ஃபேன் காத்து குளிருதுன்னு அழுதா சார். மாத்திட்டு ஷீட்லயும் போட்டுட்டேன்," என்றார் நர்ஸ் மங்களம். "அவ தட்டு நேரா இங்கயே வந்துச்சே."

பழைய ஷீட்டாக இருந்தால், அந்தக் கட்டிலில் முன்பு இருந்தவருக்குப் போட்ட கடலைச் சட்னிதான் வந்திருக்கும். விரலால் கிண்ணத்தின் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தேங்காய்.

வராந்தாவுக்கு வந்து வீணாவுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க சார், ஏதாவது தப்பாயிடுச்சா?"

"இல்லம்மா… குழந்தை சாப்புடுது. நல்லா சாப்புடுது," என்றார். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.