கவுஞ்சியில் பெய்யாத மழை

கொடைக்கானலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. இங்கிலீஷ் தடங்கலில்லாமல் வரும் என்பதால், போன மாதம் ஒரு தூதரகத்திலிருந்து வந்த எலன் என்ற அதிகாரிக்கு மொழிபெயர்க்கக் கவுஞ்சி என்ற மலைக்கிராமத்துக்குப் போனேன். உலகத்துக்கே புகையை ஊதிவிட்டு, பருவம் தப்பினால் எப்படிப் பிழைப்பது என்று ஏழை நாடுகளுக்குப் பாடம் எடுக்கிற பெரிய நாடு அவளுடையது. எனக்கு அந்த நாட்டின் மேல் கோபம் உண்டு. எலன் மேல் கோபப்பட முடியவில்லை. மலை வளைவுகளில் மூன்று முறை வாந்தி எடுத்தவள், திரும்பிவிடலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ஐப்பசி மழையில் அந்த ஊர் அன்னக்கொடி அக்காவின் பூண்டுத் தோட்டம் மண்ணோடு சரிந்து ஓடையில் போய்விட்டது. பேய்மழையில் அழிந்த நிலத்தைச் சீர்செய்து தர எலனின் நாடு ஒரு திட்டம் வைத்திருந்தது. அக்கா மனுப் போட்டாள். ஆனால் அதே நாடு அவள் தோட்டத்து மேட்டில் நட்டுவைத்த மழைமானி, அந்த மாதம் முழுக்க ஒரு சொட்டு மழைகூட இல்லை என்று தானாகவே தகவல் அனுப்பியிருந்தது. மழையில்லாமல் மலை சரியுமா என்று மேலிடம் கேட்டது. நேரில் பார்த்து முடிவு எழுதத்தான் எலன் வந்தாள்.

மேட்டில் ஏறியதும் விடை தெரிந்துவிட்டது. மழைமானியின் தலையில் ஒரு தார்ப்பாய், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. போதாததற்குச் சந்தனம், குங்குமம் வேறு.

"சீமை மிசினு, நனைஞ்சா கெட்டுப்போகும்ல தாயி," என்றாள் அக்கா. "பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதான் மழை தொடங்கவுமே மூடிட்டேன்."

வீட்டில் இருந்ததே அந்த ஒரு தார்ப்பாய்தான். ஒழுகுகிற கொட்டகையில் விதைப்பூண்டை மூடியிருந்ததை உருவி இதற்குப் போர்த்தியிருக்கிறாள். விதையெல்லாம் அழுகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அத்தனையையும் நான் இங்கிலீஷில் சொன்னதும், எலன் முகம் வாடித் தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் பொறி தட்டிவிட்டது. என் கையைப் பிடித்தாள்.

"நான் மூடுனதுனாலதான் ஒதவி கெடைக்காமப் போச்சா? ஒளிக்காமக் கேட்டுச் சொல்லு தாயி."

கேட்டேன். எலன் அக்காவைப் பார்த்தே பதில் சொன்னாள். மூடியதால் ஒன்றுமில்லை, கருவி முதல் நாளிலிருந்தே பழுது, தப்பு எங்கள் நாட்டுடையது, அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றாள்.

பச்சைப் பொய். ஆனால் எத்தனையோ மாநாடுகளில் எத்தனையோ பேர் மன்றாடியும் அந்த நாட்டின் வாயிலிருந்து வராத பேச்சு அது. இங்கே சேற்றில் நின்றுகொண்டு ஒரு பூண்டுக்காரிக்காக வந்தது. ஓர் எழுத்துக் குறையாமல் தமிழில் சொன்னேன்.

அக்காவுக்கு மூச்சு வந்தது. எலனின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"மிசினுன்னா பழுதாகத்தான் செய்யும். அதுக்கு இவங்க என்ன செய்வாங்க, பாவம். மனசுல வச்சுக்கிற வேணாம்னு சொல்லு."

சொன்னேன். அதுவரை திடமாக நின்ற எலன் அப்போதுதான் அழுதாள்.