ஏழரை வருட வெள்ளிக்கிழமை

1991 நவம்பர் எட்டாம் தேதி காலை வல்யேவோ ஊரில் ரதோய்காவின் வீட்டில் ஏற்றிய மெழுகுவர்த்தி 1999 மே மாதம் வரை எரிந்தது. அது ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. குறைந்தவள் ரதோய்கா.

அன்று அவர்களுடைய குலப்புனிதர் திமித்ரியின் நாள். விரத நாளான வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டதால் மேசையில் இறைச்சி இல்லை, கெண்டை மீனும் பீன்ஸும்தான். ரதோய்காவின் கணவர் இறந்துவிட்டதால் இருபத்துமூன்று வயது மகன் நெபோய்ஷாதான் வீட்டுத்தலைவன். அந்த நாளில் மெழுகுவர்த்தி அணையும்வரை வீட்டுத்தலைவன் உட்காரக் கூடாது. நின்றுகொண்டே விருந்தினருக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. அப்படித்தான் மதியம் மிலிசாவ் வந்தார். ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்காரர், இறந்தவரின் பழைய சிநேகிதர். நாடு உடைந்து போர் மூண்டிருந்த நேரம். பையில் நெபோய்ஷாவைப் போர்முனைக்கு அழைக்கும் ஆணை இருந்தது. அதை அவன் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் வாசலில் ரதோய்கா வேகவைத்த இனிப்புக் கோதுமையை நீட்டியதும் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி தின்றுவிட்டார். தின்றபின் அவர் விருந்தாளி. விருந்தாளி எரியும் மெழுகுவர்த்திக்கு முன்னால் அப்படிப்பட்ட காகிதத்தை எடுக்க முடியாது.

"பையில என்ன மிலிசாவ்?"

"மெழுகுவர்த்தி அணையட்டும் அண்ணி, சொல்றேன்."

"அணையறப்போ அணையும். உட்காருங்க."

மாலையில் மற்றவர்கள் கிளம்பினார்கள். நெபோய்ஷா வழக்கப்படி சுடரை அணைக்க ஒயினைக் கையில் எடுத்தான். ரதோய்கா அவனைப் பார்த்தாள். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

தெருவில் சனி வந்தது, ஞாயிறு வந்தது, அந்த வீட்டில் மட்டும் வெள்ளி நின்றுவிட்டது. நெபோய்ஷா அடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கப் பழகினான். அவன் காதலித்த பெண் இரண்டாம் வருடம்வரை ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்தாள். காகிதத்தைக் கொடுக்காமல் கிளம்ப முடியாத மிலிசாவ் செய்தித்தாள் படித்தார், மீன் முள்ளை எடுத்தார், "உங்க புனிதர் ஒரு நாள் தள்ளி வந்திருக்கக் கூடாதா அண்ணி? பன்றி வறுவலாவது கிடைச்சிருக்கும்" என்று குறைபட்டுக்கொண்டார். அடுத்த வசந்தத்தில் நாட்டின் பெயர் மாறியது.

"சித்தப்பா, அந்தக் காகிதத்துல இருக்கற நாடே இப்ப இல்லியாமே?" என்றான் நெபோய்ஷா.

"நாடு போனா என்னடா? ஆபீஸ் அங்கேயேதான இருக்கு."

மூன்றாம் வருடம் பாவாடை விளிம்பைத் தைத்துச் சுருக்கும்போது, மெழுகுக்குப் பதில் தான் குறைவது ரதோய்காவுக்குப் புரிந்தது. வலி எதுவும் இல்லை. தன்னில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அறியும் ஆவல்தான் இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும்: மகனைக் காப்பாற்றுகிறேனா, வைத்துக்கொள்கிறேனா? மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அதன்மேல் நின்று பரிமாறினாள். தினமும் பார்க்கிற முகம் என்பதால் மகனுக்குத் தெரியவில்லை. ஒரு குளிர்காலத்தில் ஊரே அரசாங்கச் செய்தி நேரத்தில் ஜன்னலைத் திறந்து எதிர்ப்பாகப் பாத்திரங்களைத் தட்டியது. மிலிசாவும் தான் அரசாங்க ஊழியர் என்பதை மறந்து கரண்டியால் தட்டைத் தட்டினார்.

பிறகு குண்டுகள் விழுந்தன. கொசோவோப் போருக்கு ஆள் எடுத்தார்கள். மே மாதம் மின்சாரம் போனதும் வெளிச்சத்துக்காகத் தெருவே அந்த வீட்டுக்கு வந்தது. இடம் வேண்டுமென்று யாரோ முக்காலியை எடுத்துவிட்டார்கள்.

"ஏன்டி ரதோய்கா," என்றாள் பக்கத்து வீட்டு ஸ்மில்யா, "உன்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கலாம் போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். நெபோய்ஷா மெழுகுவர்த்தியைப் பார்த்தான். மேசை விளிம்புக்கு மேல் நெற்றி மட்டும் தெரிந்த அம்மாவைப் பார்த்தான். ஒயினை எடுத்தான்.

"வேணாம்டா. அங்க அனுப்பிடுவாங்க."

"நீ தீர்ந்துடுவ அம்மா."

"இன்னும் கொஞ்சம் இருக்கேன்டா."

அவன் ஊற்றினான். இருட்டில் சுடர் சீறியது எல்லாருக்கும் கேட்டது. அடுத்து பை திறக்கும் ஓசை, காகிதம் விரியும் ஓசை. நெபோய்ஷா கையை நீட்டிக்கொண்டு நின்றான். வெகுநேரம் அதில் எதுவும் விழவில்லை.

"அண்ணி," என்றது மிலிசாவின் குரல், "பண்டிகை ரொட்டியில ஒரு துண்டு வீட்டுக்காரிக்கு எடுத்துக்கறேன். இவ்வளவு நேரம் எங்க போனேன்னு கேப்பா. சுத்திக்கக் காகிதம் நானே வெச்சிருக்கேன்."

கதவு திறந்து மூடியது. அப்போதுதான் நெபோய்ஷா உட்கார்ந்தான். முழங்கால் மடங்க மறுத்ததால் ஸ்மில்யாவின் கணவர் பிடித்து உட்கார வைத்தார். ஆணை போய்ச் சேரவில்லை என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. மிலிசாவின் மனைவி ரொட்டி காய்ந்திருப்பதாக மட்டும் சொன்னாளாம்.

அந்த நவம்பரில் புனிதர் நாள் திங்கட்கிழமை வந்தது. பன்றி வறுத்தார்கள். மிலிசாவ் யாரும் அழைக்காமல், பை இல்லாமல் வந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரதோய்கா மறுபடி வளரவில்லை. மேசைக் கால்களை அறுத்துக் குட்டையாக்கியிருந்ததால் விருந்தினர்கள் முழங்காலை ஒருபக்கம் ஒதுக்கி உட்கார்ந்தார்கள். நெபோய்ஷா நின்றபடி ஊற்றினான். மெழுகு உருகி வழிந்து மெழுகுவர்த்தி குறைந்துகொண்டே வந்தது. ரதோய்கா சாப்பிடக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.