கார் கூரைக்குக் கீழே எடுத்த அளவு

என் வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நான் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில், மலைமேல் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதைச் சுற்றி வானம் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று மாதம் ஒரு முறை, நிலா இல்லாத ராத்திரியில், தனியாகக் கார் ஓட்டிப் போய் ஒன்பது இடங்களில் அளந்து எழுதுவேன். கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேல்நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் ஓர் எண் காட்டும். எண் கூடினால் இருட்டு கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஏழு வருடமாக நான்தான் அளக்கிறேன்.

"என்ன இருட்டண்ணே, பேயறஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றான் அலுவலக ஓட்டுநர். அந்தப் பெயரை எனக்கு வைத்தவனே அவன்தான். "சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டிருக்கீங்க. உங்களையா விசாரிக்கப் போறாங்க? அந்தக் கிடங்குக்காரனைத்தானே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

முன் இருக்கையில் மேடம், மடியில் என் பதிவேடு. தொலைநோக்கியில் மிக மங்கலான நட்சத்திரக் கூட்டங்களைத் தேடுகிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அடிவாரத்தில் மூன்று மாதம் முன்பு ஒரு கிடங்கு திறந்தார்கள். முற்றத்தில் நாற்பது விளக்கு, ஒன்றுக்கும் மூடி கிடையாது, பாதி வெளிச்சம் வானத்துக்குத்தான் போகிறது. மூடி போடச் சொல்லி உத்தரவு வேண்டும் என்று மேடம் நகராட்சியில் மனு கொடுத்திருந்தார். அன்றைக்கு அதன் விசாரணை.

என் ஆறாவது இடம் அந்தக் கிடங்குக்குப் பின்னால். அங்கே எண் குறைந்திருக்க வேண்டும். என் பதிவேட்டில் கூடியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். காரைவிட்டு இறங்கி, இருபது அடி தள்ளிப்போய், வெட்டவெளியில் நின்று ஐந்து முறை அளக்க வேண்டும். ஆனால் நான் அங்கே போய்ச் சேருகிற நேரத்துக்குத்தான் அக்கா கூப்பிடுவாள். ஊரில் அப்போது விடிந்திருக்கும். அத்தான் படுத்த படுக்கையானதிலிருந்து அழுகைதான். இந்த நாட்டில் பதினொரு வருடமாக என்னைத் தம்பி என்று கூப்பிட ஆளில்லை. போனை வைக்க மனம் வரவில்லை. மூன்று மாதமும் ஒரு கையில் போன், இன்னொரு கையை ஜன்னல் வழியே நீட்டி அளந்தேன். பாதி வானத்தைக் கார் கூரை மறைத்துக்கொண்டது. கூரையின் இருட்டையும் சேர்த்து எழுதிக்கொண்டு, மீதி இடங்களையும் முடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

நகராட்சிக் கட்டடத்தின் நடையில் மேடத்தை நிறுத்தினேன்.

"மேடம், ஆறாவது இடத்துல நான் கார விட்டு எறங்கல."

அவர் பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். "காத்துல தூசி கொறைஞ்சிருக்கும்னு நானே காரணம் தேடிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "எத்தன தடவ?"

"ஒரு தடவதான் மேடம். போன மாசம்."

மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது ஒன்று.

உள்ளே கிடங்கு மேலாளர் எழுந்து, மனுவோடு போயிருந்த என் எண்களை வாசித்தார். "எங்க விளக்கு எரிய ஆரம்பிச்ச பிறகு வானம் இன்னும் நல்லா இருட்டியிருக்குங்க. இது நான் சொல்லல, அவங்க ஆளே எழுதியிருக்காரு. நியாயமாப் பாத்தா இவங்க எங்களுக்கு நன்றி சொல்லணும்." கூடமே சிரித்தது.

மேடம் எழுந்தார். "போன மாச அளவு தப்பு. அத நாங்க எடுத்துடறோம்."

"எடுத்துக்குங்க! அதுக்கு முந்தின ரெண்டு மாசமும் இதே கததானே?"

விசாரணையை நடத்திய நகராட்சித் தலைவி என் பக்கம் திரும்பினார். வயதான அம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். "அளந்தவர் நீங்கதானே? அந்த ரெண்டும் சரியா?"

சரி என்றால் விளக்குகள் அப்படியே இருக்கும். இல்லை என்றால், ஐந்து நிமிடம் முன்னால் மேடத்திடம் பொய் சொன்னேன் என்று அவர் முன்னாலேயே ஆகிவிடும்.

"இல்லம்மா. மூணும் தப்பு. மூணும் காருக்குள்ள உக்காந்துட்டு அளந்தது."

மேலாளருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தலைவி எழுதிக்கொண்டே சொன்னார்: "அப்போ விளக்கு வந்த பிறகு எடுத்த அளவுன்னு உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. ஆறு மாசம் புதுசா அளந்து கொண்டுவாங்க. ரெண்டு பேர் கையெழுத்து வேணும். அதுவரைக்கும் விளக்கு இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

ஆறு மாதம். இந்தப் பருவத்தில் மேடம் பார்க்க வேண்டியவை முழுக்க அடிவாரம் இருக்கிற திசையில். அடுத்த வருடம்தான் அவை மறுபடி அந்த இடத்துக்கு வரும்.

திரும்பும்போது மேடம் என்னோடு பின் இருக்கையில் உட்கார்ந்தார். அவர் அந்த மூன்று வரிகளையும் அடித்தார். பிறகு பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"இதுல எறங்கினீங்களா?"

"எறங்கினேன் மேடம்."

"இதுல?"

"எறங்கினேன்."

பென்சிலால் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புள்ளி வைத்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மலைப்பாதை ஏறத் தொடங்கியபோது நான்காம் வருடத்துக்கு வந்திருந்தோம்.

"இது? மழை விட்ட ராத்திரின்னு எழுதியிருக்கீங்க."

தரை முழுக்கச் சேறாக இருந்தது ஞாபகம் வந்தது. சேற்றில் கால் வைத்தேனா, கதவைத் திறந்து அப்படியே கையை நீட்டினேனா, அது வரவில்லை. எறங்கினேன் என்று சொன்னால் இன்னொரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான்.

"தெரியல மேடம்."

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அந்த ராத்திரியின் ஒன்பது எண்களையும் ஒரே கோட்டில் அடித்தார்.

"அடுத்தது" என்றார்.