மருதமுத்து வைத்த ரசம்

சுசீலாவின் ஈயச்சொம்பு காணாமல் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது.

அது அவள் அம்மா அஞ்சலையின் சொம்பு. கழுத்தோரம் பெயர் வெட்டியிருக்கும். சுசீலா கல்யாணமாகி குருபோங்கில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்தது. முப்பத்தொரு வருஷமாக வீட்டில் ரசம் என்றால் அந்தச் சொம்பில்தான். போன மாசக் கடைசியில் காய்ச்சல் வந்து நாலு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் அடுப்படி அலமாரியைத் திறந்தால், சொம்பு இருந்த இடத்தில் ஒரு மைலோ டின் உட்கார்ந்திருந்தது.

அந்த டின்னைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. தானாகத் தொலைந்த சாமான் இருந்த இடம் காலியாக அல்லவா இருக்க வேண்டும்? இதை யாரோ நிரப்பியிருக்கிறார்கள்.

"என்னங்க, சொம்பைப் பார்த்தீங்களா?"

மருதமுத்து பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தச் சொம்பு?"

இத்தனை வருஷம் அதில் வைத்த ரசத்தைக் குடித்த மனுஷன், எந்தச் சொம்பு என்று கேட்கிறார்!

"ஷாமினி கழுவி எங்கயாச்சும் வச்சிருப்பா லா."

"உங்க மக சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயி ரெண்டு மாசமாச்சு."

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சுசீலா மனசுக்குள் ஆட்களை வரிசையில் நிறுத்தினாள். காய்ச்சல் நாட்களில் வீட்டுக்குள் வந்தவள் ஒருத்திதான். ஜெயா, மருதமுத்துவின் தங்கை, தெங்கேராவில் இருப்பவள். "இந்த மாதிரி சொம்பெல்லாம் இப்ப எங்க அண்ணி கிடைக்குது?" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! சொல்லும்போதெல்லாம் அவள் விரல் சொம்பின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருக்கும்.

புருஷனின் நடவடிக்கையும் சரியாக இல்லை. ரசம் வைக்கட்டுமா என்று கேட்டால், "வேணாம், சூப் வை" என்றார். சனிக்கிழமை காய்கறி வாங்க பாசாருக்குப் போனவர் மூன்று மணி நேரம் கழித்து ஒரே ஒரு கட்டு கங்கோங் கீரையோடு வந்தார். அன்று சாயங்காலம் வாசலில் நிறுத்தியிருந்த காடிக்குப் பின்னால் நின்று போனில் குசுகுசுத்தார். சுசீலா ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அவளுக்குத் தெரியக்கூடாது, ஜெயா. இப்போதைக்கு உன் வீட்லயே இருக்கட்டும்."

அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்தா!

மறுநாள் காலை புட்டு அவித்தாள். தேங்காய்ப்பூ தனியாக, சீனி தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வாடகைக் காரில் தெங்கேராவுக்குக் கிளம்பினாள்.

கதவைத் திறந்த ஜெயா முதலில் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அடுத்து அடுப்படி வாசலைப் பார்த்தாள். அது போதும் சுசீலாவுக்கு.

"என்ன அண்ணி, ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பசியாறிட்டியா? புட்டு கொண்டாந்தேன்."

"உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்."

"கை கழுவணும்" என்று சொல்லிக்கொண்டே சுசீலா உள்ளே நுழைந்துவிட்டாள். கைதான் கழுவினாள், கண் அலமாரி அலமாரியாகப் போயிற்று. மேல் தட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை தெரிந்தது. எட்டி இழுத்தாள்.

"அண்ணி, அதைத் தொடாதீங்க!"

பேப்பர் சுற்றிய பொட்டலம் கனமாக இருந்தது. பிரித்தாள். சட்டியில் சிந்திய தோசை மாவு அப்படியே இறுகிப்போனதைப் போல ஓர் ஈயக் கட்டி. அதன் ஓரத்தில் பாதிக் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் 'அஞ்ச' என்ற மூன்று எழுத்து மட்டும் பிழைத்திருந்தது.

ஜெயா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முதல்ல உக்காருங்க. நீங்க காய்ச்சல்ல ரசம் வேணும், ரசம் வேணும்னு பொலம்பினீங்களாம். அண்ணன் வெறும் சொம்பை அடுப்புல ஏத்திட்டு, பின்னால கறிவேப்பிலை பறிக்கப் போயிருக்கு. தண்ணி ஊத்தாம ஈயத்தை வச்சா உருகிடும்னு அதுக்கு எங்க தெரியும்? வந்து பார்த்தா சொம்பு அடுப்பு மேலயே உக்காந்துடுச்சு."

"அப்ப அன்னிக்கு நான் குடிச்ச ரசம்?"

"வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில வாங்கினது. நீங்க குடிச்சிட்டு, 'பரவாயில்லையே, நல்லாவே வச்சிருக்கீங்க'ன்னு சொன்னீங்களாம். அதுக்கப்புறம் உண்மையச் சொல்ல வாய் வருமா? டவுன்ல இருக்கிற எல்லாப் பாத்திரக் கடையும் ஏறி எறங்கிடுச்சு. எங்கயும் கிடைக்கல. கும்பகோணம் போற ஒருத்தர்கிட்ட நான் சொல்லி வச்சிருக்கேன்."

சுசீலா அந்த மூன்று எழுத்தைத் தடவிப் பார்த்தாள். அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடை ரசத்தைக் குடித்து மெச்சியது நினைவுக்கு வர, அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

"நான் உன்னைத்தான் நினைச்சேன், ஜெயா."

"தெரியுமே. போன வெள்ளிக்கிழமை கோயில்ல, சாமியை விட என் பையைத்தானே அதிகமா பார்த்தீங்க."

சுசீலா குனிந்து புட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஜெயா போன் போட்ட அரை மணி நேரத்தில் மருதமுத்து வந்தார். வாசலிலேயே நின்றார். "திட்டுறதுனா இங்கயே திட்டிடு. வீட்டுக்குப் போயி இழுக்காத."

சுசீலாவும் திட்டத்தான் எழுந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "சூட்டோட தூக்கப் பார்த்தீங்களா?"

அவர் இடது கையை விரித்தார். உள்ளங்கை நெடுக ஒரு தழும்பு, நடுவில் இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. இத்தனை நாள் சுசீலா வீட்டில் ஒரு மூலை விடாமல் துழாவினாள். போனில் பேசியதை ஒட்டுக் கேட்டாள். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரின் கையை மட்டும் பார்க்கவில்லை.

மூன்று பேரும் புட்டு சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது காடியில் அந்தக் கட்டி அவள் மடியில் இருந்தது.

"கும்பகோணத்துச் சொம்பு வந்ததும் ஜெயாவுக்கே குடுத்துடுங்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இது போதும். காடிய கிளினிக் பக்கம் விடுங்க."

"ஏன், மறுபடியும் காய்ச்சலா?"

"உங்க கைய காட்டணும்."

"அதெல்லாம் ஆறிடும் லா" என்று முணுமுணுத்துக்கொண்டே, மருதமுத்து சிக்னலைப் போட்டு காடியைத் திருப்பினார்.