ஓடும் இணைப்புக்குப் புதுப் பெயர்

அவள் வேலை பார்த்த கம்பெனி, மருத்துவமனைக் கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகளைச் செய்தது. பெட்டிக்குள் ஓடும் கெர்னல் அவள் பொறுப்பு. எல்லா மென்பொருளுக்கும் அடியில் கிடந்து உழைக்கும் அந்தப் பகுதியில் கைவைக்க மற்றவர்கள் பயந்தார்கள். அவளுக்கு அது கைவந்த வேலை.

பக்கத்து மேசையில் தங்கையின் கணவன் உட்கார்ந்திருந்தான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டது அவள். பிறகு பழகிப் பார்த்து, நல்லவன் என்று தோன்றி, தங்கைக்குப் பேசி முடித்ததும் அவள்தான். அலுவலகத்திலும் வாய்தவறி "மாப்பிள்ளை" என்றே கூப்பிடுவாள். போகப்போக ஊருக்கே மாப்பிள்ளையாகிவிட்டான். மேலாளர் அம்மாள்கூட மீட்டிங்கில், "மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்பார்.

பெட்டியில் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் ஒரு பெயர் உண்டு. வார்டு இடம் மாறினால் பெயரையும் மாற்ற வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பின் பெயரை மாற்ற கெர்னல் விடாது. இணைப்பை நிறுத்தி, பெயரை மாற்றி, மறுபடி ஓடவிட வேண்டும். அந்தச் சில நொடிகளில் செவிலியர் மேசையில் இருபது படுக்கைகளின் அலாரமும் ஒன்றாக அலறும். புகார் வராத மாதமே கிடையாது.

நிறுத்தாமலே பெயரை மாற்ற முடியுமா என்று அவள் நான்கு மாதம் அதிலேயே கிடந்தாள். கெர்னல் உள்ளுக்குள் இணைப்புகளை எண்ணால்தான் அறிகிறது. பெயர் மனிதர்களின் வசதிக்கு. தடையை நீக்க ஏழெட்டு வரிகள் போதுமாயிருந்தன. நீக்கினால் வேறெங்கே இடிக்கும் என்று தேடுவதில்தான் மாதங்கள் போயின. கடைசி வாரம் இடித்தது. எந்தத் தரவை உள்ளே விடலாம் என்று காவல் காக்கும் விதிகள் பெயரைப் பார்த்தே விட்டன. பெயர் மாறியதும் அவை அந்த இணைப்பை அந்நியமாக நினைத்துத் தடுத்துவிடும். இணைப்பு நிற்காததால் அலாரம் அடிக்காது, விளக்கு பச்சையாகவே எரியும், தரவு மட்டும் வராது.

தன் நிரலின், அந்தக் கோடின், தலைப்பில் அவள் எழுதி வைத்தாள்: விதிகளும் கூடவே மாறும்படி செய்யும்வரை இதை வெளியிடக் கூடாது. அந்த ஓட்டையைக் காட்டும் சோதனை ஒன்றையும் சேர்த்தாள். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அதன்பின் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அவளும் தங்கையும் மாறிமாறியும் சேர்ந்தும் இரண்டு வாரம் அம்மாவுடன் இருந்தார்கள். திரும்பி வந்தபோது அலுவலகம் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுதிய கோடு வெளியாகியிருந்தது, மாப்பிள்ளையின் பெயரில். அவன் குழுத் தலைவனாகியிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் கேட்டாள். "என் பேர் எங்க?"

"நீங்க லீவுல இருந்தீங்கக்கா. தேதி நெருங்கிடுச்சு. யார் பேர்ல போனா என்ன, எல்லாம் ஒரே வீடுதானே."

"அந்த விதிங்க?"

"அதெல்லாம் சரி பண்ணிட்டேன்."

திறந்து பார்த்திருக்கலாம். சொந்தக்காரன் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது அசிங்கம் என்று பட்டது. தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மருத்துவமனையில், காலை பதினொரு மணிக்கு, ஒரு வார்டின் இணைப்புக்குப் பெயர் மாற்றினார்கள். அலாரம் எதுவும் அடிக்கவில்லை. செவிலியர் திரையில் கடைசியாக வந்த எண்கள் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றன. பாட்டில் மாற்றப் போன ஒரு செவிலியர், திரையில் எழுபத்தாறு என்று இருந்த நாடித்துடிப்பு ஒரு முதியவரின் மணிக்கட்டில் தேடினாலும் கிடைக்காததைக் கண்டு கத்தினார். முதியவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் விசாரணை. மேலாளரின் அறையில் மூன்று பேர்.

"அடிப்படை கோடு அக்கா எழுதினது," என்றான் மாப்பிள்ளை, மேசையைப் பார்த்தபடி. "நான் சேர்த்து மட்டும்தான் விட்டேன். உள்ள இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு அவங்க எங்கிட்ட சொல்லவே இல்ல."

அவளுக்கு முதலில் காதில் விழுந்ததையே நம்பமுடியவில்லை. பாராட்டு வந்தபோது இல்லாத பெயர், பழி வந்ததும் அவ்வளவு சுலபமாக அவன் வாயில் வந்தது.

"நாளைக்குள்ள ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க," என்றார் மேலாளர்.

சாயங்காலம் தங்கை வந்தாள், நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்கிக்கொண்டு. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஒத்துக்கக்கா. எழுதினது நீதானே? உன்னை எங்க வேணும்னாலும் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க. அவரை யாரு சேத்துப்பாங்க?"

"எச்சரிக்கையை எடுத்துட்டு விட்டிருக்கான்டி. ஒரு மனுஷன் செத்திருப்பார்."

தங்கை முந்தானையை விரலில் சுற்றினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அப்பவே சொன்னார். விதிகளை அப்புறமா பாத்துக்கலாம், அக்காகிட்ட மூச்சு விடாதேன்னார்."

அப்பவே என்றால் அம்மாவின் கட்டிலருகே. ஒரே போர்வையைப் பங்குபோட்டு இருவரும் நாற்காலியில் தூங்கிய நாட்கள். அவன் செய்தது கோபத்தைத் தந்தது. தங்கை மறைத்தது அவளை உட்காரவைத்துவிட்டது. தங்கை அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு போய்விட்டாள்.

மறுநாள் அவள் எதையும் எழுதவில்லை. தன் பழைய நிரலை, தேதியோடும் எச்சரிக்கையோடும் சோதனையோடும், திரையில் திறந்துவைத்தாள். பக்கத்தில் அவன் வெளியிட்டது. எச்சரிக்கையும் சோதனையும் அதில் நீக்கப்பட்டிருந்தன. விதிகளை யாரும் தொட்டிருக்கவில்லை.

மேலாளர் இரண்டையும் நிதானமாகப் படித்தார்.

"சரி பண்ணிட்டேன்னார். நான் திறந்து பாக்கல," என்றாள் அவள். "அது என் தப்பு. அதையும் சேத்துக்கங்க."

"அக்கா," என்றான் அவன் மெல்ல.

"இங்க அப்படிக் கூப்பிடாதீங்க."

அந்த வாரமே அவன் வேலை போனது. வெளியான நிரலைத் திரும்பப் பெற்றார்கள். விதிகளையும் பெயரோடு நகரவைக்க அவளுக்கு ஆறு வாரம் பிடித்தது. இந்த முறை அவள் பெயரிலேயே வெளியானது. யாரோ கைதட்டினார்கள்.

அன்று மதியம் தங்கையிடமிருந்து ஒரு செய்தி. பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாளாகிறது என்றும், நீ வரவேண்டாம் என்றும்.

அவள் நீளமாக ஏதோ அடித்தாள், அழித்தாள். கடைசியில், "குழந்தை நல்லாருக்கா?" என்று மட்டும் அனுப்பினாள். தங்கை படித்துவிட்டாள் என்பது தெரிந்தது. பதில் வரவில்லை.