இதற்கு முன் யாருக்கும் அடிபட்டதில்லை

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். சலவைக்கூடத்தின் கடைசி மேசையில் எட்டு வருஷமாக ஒரு முனையைப் பெரியவளும் மறுமுனையை அவள் கொழுந்தன் பெண்டாட்டி சின்னவளும் பிடித்து வந்தார்கள். உதறி, விறைப்பாக இழுத்து, எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்ப்பார்கள். ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. டிரையரிலிருந்து வரும் சூட்டில் இரண்டு பேருக்கும் விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன.

"அக்கா, வக்கீல் நேத்து பேசினாரு" என்றாள் சின்னவள்.

பெரியவள் விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். சின்னவள் தடுமாறி ஓரடி முன்னால் வந்தாள்.

"என்னவாம்?"

"வியாழக்கிழமை இன்சூரன்ஸ் ஆபீசர் பள்ளிக்கூடத்துக்கே வந்து விசாரிக்கிறாராம். அந்த கேட் சரியில்லைன்னு ஸ்கூலுக்கு முன்னாடியே தெரியும்னு காட்டிட்டா நஷ்டஈடு கெடச்ச மாதிரிதானாம். உங்க பொண்ணு வெரல் நசுங்குனதும் அதுலதானே. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா."

"பாக்கலாம். மொதல்ல முனையப் புடி."

பள்ளிக்கூடத்தின் இரும்பு கேட் சக்கரத்தில் ஓடுவது. தரை லேசான சரிவு. காவலாளி கையை எடுத்தால் அது தானாக உருண்டுபோய்த் தூணில் மோதும். இரண்டு வருஷத்துக்கு முன் பெரியவளின் மகள் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். வலது கை நடுவிரலில் எலும்பு நொறுங்கியது. ஒட்டிக்கொண்டது; ஆனால் கோணலாக. அதன்பிறகு அந்த விரல் மடங்குவதில்லை. தலைமையாசிரியை ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு, டைப் அடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். குழந்தையின் கவனக்குறைவால் நேர்ந்தது, பள்ளிமீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.

"அந்த கேட் தானா உருண்டு வருது டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் பெரியவள் கையெழுத்துப் போட்டாள். "பாத்துக்கறோம்மா" என்றார் அவர். மறுநாள் காலை ஆறரைக்கு அவள் வேலையில் நின்றாள். யாரும் பார்க்க வரவில்லை.

இப்போது சின்னவளின் மகளுக்கு அதே கேட்டில் மோதிர விரல் முதல் கணுவோடு போய்விட்டது. எட்டு வயதுக் குழந்தை. இந்தத் தடவை எல்லாம் வேறு மாதிரி நடந்தது. கட்டுப் போட்ட நர்ஸ் ஒருத்தி வக்கீலின் முகவரி கொடுத்தாள். பள்ளித் தாளாளர் காரில் வந்து இறங்கினார். அதுவரை இந்தத் தெருவுக்குள் தலைகாட்டாத சொந்தக்காரர்களெல்லாம் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார்கள். பேத்திகளை ஏறெடுத்தும் பார்க்காத மாமியார், சின்னவள் மகளுக்குத் தலை வாரிவிட்டாள். சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் தன் நாற்காலியைச் சின்னவளுக்குப் போட்டு, "கொஞ்ச நேரம் உக்காரும்மா" என்றார்.

வந்த பழங்களைக் கழுவி நறுக்கியது பெரியவள்தான். தன் மகளுக்கு இரண்டு துண்டு எடுத்து வைத்தாள். மகள் நடுவிரலை நீட்டிக்கொண்டே அதை எடுத்துத் தின்றாள். பெரியவள் அந்த விரலையே பார்த்தாள். இதுவும் அன்றைக்கே போய்த் தொலைந்திருந்தால், என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். நினைத்ததும் மகள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நினைப்பு மட்டும் போகவில்லை.

புதன்கிழமை மதியம், சின்னவளுக்குத் தெரியாமல் வக்கீலைப் போய்ப் பார்த்தாள்.

"என் பொண்ணுக்கும் ஏதாவது கெடைக்குமா சார்?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களேம்மா. அது கஷ்டம்."

"அவளுக்கு மட்டும் கெடைக்குமா?"

"நீங்க சொல்றதுலதான் இருக்கு. உங்க கடிதம் அவங்ககிட்ட இருக்கு, வெளியில எடுக்க மாட்டாங்க. நீங்கதான் ஒரே சாட்சி."

வீடு திரும்பியபோது, இரண்டு குடும்பத்துக்கும் நடுவே இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவளும் அவள் புருஷனும் பேசிக்கொண்டிருந்தார்கள். "நமக்குன்னு ஒரு பாத்ரூம் இருக்கற வீடாப் பாக்கணும்" என்றாள் சின்னவள். "ஜன்னலும்" என்றான் அவன். இருவரும் மெதுவாகச் சிரித்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு அவர்கள் சிரித்து அன்றுதான் கேட்டது. பெரியவள் பாத்திரங்களை ணங்கென்று போட்டாள்.

வியாழக்கிழமை தலைமையாசிரியை அறையில் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மின்விசிறிக்கு நேர்க்கீழே சின்னவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். வக்கீல் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பெரியவளுக்குக் கதவோரத்து நாற்காலி. ஆபீசர் இளவயசுக்காரர், மரியாதையாகப் பேசினார்.

"உங்க பொண்ணுக்கும் இதே கேட்ல அடிபட்டுச்சு, நீங்க ஸ்கூல்ல சொன்னீங்கன்னு இவங்க சொல்றாங்க. அப்படியாம்மா?"

பெரியவள் வாயெடுக்கும் முன்பே சின்னவள் முந்திக்கொண்டாள். "அக்கா சொல்லுவாங்க சார். அதுக்குத்தான் வந்திருக்காங்க."

எடுத்து வரச் சொன்ன பொருளை எடுத்து வந்துவிட்டதுபோல இருந்தது அந்தப் பேச்சு. பெரியவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இங்க இல்ல சார்" என்றாள் பெரியவள். "வீட்டுல. பீரோ கதவுல."

"அக்கா!"

"பீரோ கதவுலதான் சார்."

தலைமையாசிரியை மூச்சு விட்டது கேட்டது. ஆபீசர் எழுதி முடித்துத் தாளைத் திருப்பி நகர்த்தினார். இதற்கு முன் இந்த கேட்டால் யாருக்கும் அடிபட்டதாக எனக்குத் தெரியாது என்று இருந்தது. தான் இவ்வளவு சொல்லவில்லையே என்று பெரியவளுக்குத் தோன்றியது. எல்லோரும் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டாள்.

அன்றே சின்னவள் பேச்சை நிறுத்தினாள். ஒரே அடுப்பில் இரண்டு உலை வெவ்வேறு நேரத்தில் கொதித்தது. சலவைக்கூடத்தில் அவள் வேறு மேசை கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும். பள்ளி முன்கூட்டி அறிந்திருந்ததற்கு ஆதாரமில்லை. சின்னவள் புருஷன் அந்தக் கடிதத்தைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தான். படித்துவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டான்.

பெரியவளின் மகள்தான் கேட்டாள். "அம்மா, எனக்கு எந்த பீரோல அடிபட்டுச்சு?"

"யாருடி சொன்னா?"

"தங்கச்சிப் பாப்பாதான். சித்தி அழுதுட்டே இருக்காங்களாம். நம்ம வீட்டுல பீரோவே இல்லையேம்மா."

பெரியவள் மகளின் சீருடையைக் கையில் எடுத்து, காயாத காலரைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை பள்ளி விடும் நேரத்தில் கேட் முன்னால் கூட்டம் நின்றது. உள்ளே வெல்டர் ஒருவன் குந்தி உட்கார்ந்து கேட் ஓடும் தண்டவாளத்தில் உள்ளங்கையளவு இரும்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தீப்பொறி தெறிக்க, காவலாளி கையை விரித்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினான். சின்னவள் தூணுக்கு இடப்பக்கம் நின்றாள், பெரியவள் வலப்பக்கம். பிள்ளைகள் உள்ளே வரிசையில் காத்திருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"முடிஞ்சுதுங்க. பத்து நிமிஷ வேலை" என்றான் வெல்டர், முகமூடியைத் தூக்கிக்கொண்டு. "கூலிகூடக் கேக்கல, டீக்காசு குடுங்கன்னுட்டேன்."

காவலாளி கேட்டைக் கடைசிவரை இழுத்துப்போய்க் கையை விட்டான். அது தானாக உருண்டு வந்தது, வேகம் பிடித்தது, இரும்புத் துண்டில் டங்கென்று இடித்து நின்றது. அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மறுபடி இழுத்து விட்டான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. தூணுக்கும் கேட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் இருந்தது.